வென்ட் பைப் ஓரம் ஒழுகுகிறதா? நீங்களே அடைக்கலாம்

பழைய வீடுகளில் கழிவறைக் காற்று வெளியேற மொட்டை மாடியைத் துளைத்துக்கொண்டு ஓர் இரும்புக் குழாய் நிற்கும். ஐப்பசி மழை பிடித்தால் அதன் அடியில்தான் முதலில் ஒழுகும். நானும் இரண்டு வருடம் சிமெண்டைக் குழைத்துச் சுற்றிப் பூசினேன். இரண்டு மழைதான் தாங்கியது.

காரணம் எளிது. வெயிலில் இரும்பு சட்டென்று சூடாகி நீளும், தளம் மெதுவாகத்தான் சூடேறும். போதாததற்குக் குழாய் காற்றில் லேசாக ஆடும். துருப் பிடித்தால் பருத்துச் சிமெண்டையே பிளக்கும். அந்த இணைப்பில் இழுபடும் பொருள்தான் நிற்கும், இறுகும் பொருள் நிற்காது. தாரும் வேண்டாம், வெயிலில் இளகி வழியும்.

முதலில், ஒழுகுவது அங்கேதானா?

கீழே அறையின் உட்கூரையில் ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லி போட்ட மாடிகளில், குழாய் ஓரம் இறங்கும் தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே ஓடி, இரண்டு மூன்று அடி தள்ளிக்கூட எட்டிப் பார்க்கும்.

மழையில்லாத நாளில், கீழே ஈரத்திட்டின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். மேலே குழாயைச் சுற்றி ஓரடி தள்ளி களிமண்ணால் சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். திட்டு பென்சில் கோட்டைத் தாண்டினால் குற்றவாளி குழாய்தான். தாண்டாவிட்டால் தட்டோட்டு இடுக்கையும், குழாய் உச்சியில் மூடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூடி இல்லாததால் உள்ளே இறங்கும் மழை, கீழே ஒரு மூட்டு விட்டிருந்தால் அதன் வழியாகவும் கசியும். அதற்காக உச்சியைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள், வீடே நாறும்.

வெட்டித் திறப்பது

பழைய பூச்சை உளியால் பெயர்த்து, குழாயைச் சுற்றி முக்கால் அங்குல அகலமும் ஆழமும் உள்ள காடி (பள்ளம்) எடுங்கள். பலமாக அடித்தால் தளம் விரிசல் விடும், மெதுவாகத் தட்டினால் போதும். குழாயின் அடிப்பாகத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் இந்த வேலையை நிறுத்திவிட்டு, குழாயையே மாற்ற பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு இரும்பு பளபளக்கும்வரை தேயுங்கள். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயட்டும். ஜல்லிக்குள் ஈரம் இருக்கும்போது மூடினால், அது ஆவியாகி மேலே வந்து பூச்சைக் கொப்புளமாக்கும். பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அடைப்பது

தேய்த்த இரும்புக்குத் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். காடியின் அடியில் ஃபோம் கயிறு அமுக்குங்கள். இதன் மேல் நிரப்பப்போகும் சீலன்ட் (ரப்பர் போல இழுபடும் அடைப்புப் பசை) அடிப்பக்கமும் ஒட்டிக்கொண்டால் இழுபட முடியாமல் கிழியும். அதற்குத்தான் இந்தக் கயிறு. மேலே பாலியூரித்தேன் சீலன்ட்டை கன் வைத்து இடைவெளி விடாமல் நிரப்பி, கையுறை போட்ட விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வழித்துவிடுங்கள். நீர் வெளிப்பக்கம் ஓடும்படி லேசான வாட்டம் இருக்கட்டும். ஒரு நாள் தொடாதீர்கள்.

மறுநாள் அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் பூச்சை, குழாயில் ஆறு அங்குல உயரத்துக்கும் தளத்தில் ஓரடிக்கும் அடியுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பட்டையாக வெட்டி மூலையில் ஒட்டிவையுங்கள், சுருக்கம் கூடாது. காய்ந்ததும் முதல் கோட்டுக்குக் குறுக்காக இன்னொரு கோட்.

கூடுதல் பாதுகாப்புக்கு, பூச்சுக்குச் சற்று மேலே தகரத்தில் கூம்பாக ஒரு ‘பாவாடை’ வெட்டி ஹோஸ் கிளிப்பால் இறுக்கி, அதன் மேல் விளிம்பில் சீலன்ட் வைத்துவிடுங்கள். குழாயில் வழியும் மழை, இணைப்பைத் தொடாமல் தள்ளி விழும்.

நாலு நாள் கழித்து அதே களிமண் வரப்பைக் கட்டி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்துங்கள். பென்சில் கோட்டைத் திட்டு தாண்டவில்லை என்றால் வேலை சரி. உடனே பெயிண்ட் அடிக்க ஏணி தூக்காதீர்கள், உட்கூரை முழுக்கக் காய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.