ஜாயின்ட் போட்டோல ரெண்டு சூரியன்: போட்டோகிராபியும் போட்டோஷாப்பும் புதுசா கத்துக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்க பெரியம்மா வீட்டு ஹால்ல தாத்தா பாட்டி ஜாயின்ட் போட்டோ ஒண்ணு மாட்டியிருக்கு. உயிரோட இருந்தப்போ ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படம் கூட எடுத்துக்கல, அதனால தாத்தாவ ஒரு கல்யாண குரூப் போட்டோல இருந்தும் பாட்டிய ஒரு ஸ்டுடியோ படத்துல இருந்தும் கட் பண்ணி, பின்னாடி நீலக் கலர் போட்டு சேர்த்துக் கொடுத்தாங்க. வர்றவங்க எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க, ஆனா அது பக்கத்துல பக்கத்துல நின்னு எடுத்த படம்னு ஒருத்தரும் நம்பினதில்ல, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. தாத்தாவோட மூக்கு நிழல் வலது பக்கம் விழுது, பாட்டிக்கு இடது பக்கம். அந்த ஒரே பிரேமுக்குள்ள ரெண்டு சூரியன் இருக்கு.

நான் இந்த வேலைய கத்துக்கிட்டு பத்து வருஷத்துக்கு மேல ஆகுது, இப்ப சனி ஞாயிறுல பசங்களுக்கு சொல்லியும் தர்றேன், அதுல திரும்பத் திரும்ப நான் பாக்குறது என்னன்னா, போட்டோஷாப்ல கண்ணுக்குத் தெரியற தப்புல முக்கால்வாசி கேமரா பட்டன அமுக்கின அந்த நொடியிலயே நடந்து முடிஞ்சிருக்கு. அதனால எடிட்டிங் தப்புகள பத்தி எழுதணும்னா வெளிச்சத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

முதல் தப்பு, மத்தியான வெயில்ல ஆள நிறுத்தி எடுக்குறது. சித்திரைலயும் ஆவணிலயும் நம்ம ஊர்ல சூரியன் உச்சில கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல வந்துடும், அப்போ கண்ணுக்குழி ரெண்டும் இருட்டா, மூக்குக்குக் கீழ மீசை மாதிரி நிழல், நெத்தி மட்டும் பளபளன்னு வரும். மரத்தடில நிறுத்தினா இன்னும் மோசம், இலை இடுக்குல வர்ற வெயில் மூஞ்சில பொட்டு பொட்டா விழும், அத எந்த டச்சிங்காலயும் ஒழுங்கா எடுக்க முடியாது. பழைய வீட்டுத் திண்ணை இருந்தா அங்க உக்கார வைங்க, அதவிட நல்ல ஸ்டுடியோ எனக்குத் தெரிஞ்சு இல்ல. மேல கூரை இருக்கறதால உச்சி வெயில் விழாது, வாசல் மண்ணுல பட்டு திரும்புற வெளிச்சம் மட்டும் முகத்துல மெத்துனு வந்து விழும். அபார்ட்மென்ட்ல இருக்கறவங்களுக்கு பால்கனிக் கதவோ ஜன்னலோ போதும், டியூப்லைட்ட மட்டும் அணைச்சிடுங்க, இல்லேன்னா ஒரு கன்னம் நீலமா ஒரு கன்னம் வேற கலரா வரும், அந்தக் கலப்ப, படத்தோட மொத்தக் கலர் சாயலையும் மாத்துற ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடர் எதுவும் சரி பண்ணாது.

வீடியோ பாத்து கத்துக்கறவங்க கோல்டன் ஹவர்னு ஒண்ண, அதாவது உதயத்துக்கு அப்புறமும் அஸ்தமனத்துக்கு முன்னாடியும் வர்ற பொன்னிற நேரத்த, நம்பி ஏமாறுறாங்க. அந்த வீடியோல பலது ஐரோப்பாவுல எடுத்தது, அங்க சூரியன் சாய்வா ஏறும், அதனால பொன்னிற வெளிச்சம் ஒரு மணி நேரம் அதுக்கு மேலயும் நிக்கும். தமிழ்நாடு இருக்கறது பூமத்தியரேகைக்கு வடக்க 8 டிகிரில இருந்து 14 டிகிரிக்குள்ள, இங்க சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தா ஏறும், சுமார் 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி. அப்போ நமக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கறது அரை மணி நேரம்தான். ஆறு மணிக்கு உதயம்னா அஞ்சே முக்காலுக்கே ஆள், இடம், லென்ஸ் எல்லாம் ரெடியா இருக்கணும், டீ குடிச்சிட்டு ஏழு மணிக்குப் போனா முடிஞ்சது.

அடுத்து செட்டிங்ஸ், இங்க பயம்தான் தப்பு பண்ண வைக்குது. ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா வெளிச்சத்த எவ்ளோ கூட்டிக் காட்டணும்ங்கற அளவ, ஏத்தினா புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும்னு பயந்து 100லயே வச்சிக்கிட்டு ஷட்டர் வேகத்த 1/15 நொடிக்கு இறக்கிடுவாங்க, படம் மொத்தமா ஆடிப் போயிடும். நாய்ஸ பின்னாடி குறைச்சுக்கலாம், ஆடின படத்துக்கு மருந்தே கிடையாது. மண்டபத்துக்குள்ள ஆள் எடுக்கும்போது ஷட்டர் 1/125க்குக் கீழ போகாம பாத்துக்கிட்டு ஐஎஸ்ஓவ 1600, 3200னு தாராளமா ஏத்துங்க. இதுல ஒரு விஷயம், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால பழைய டியூப்லைட்டும் மட்டமான எல்இடியும் நொடிக்கு 100 தடவ மங்கி மங்கி எரியும், ஷட்டர் ரொம்ப வேகமா இருந்தா படத்துல பட்டை பட்டையா இருட்டு விழும், அந்த மாதிரி வந்தா மட்டும் 1/125 கணக்க விட்டுட்டு ஷட்டர 1/100ல வச்சுப் பாருங்க, போயிடும்.

50 எம்எம் லென்ஸ் வாங்கினதும் எல்லாரும் எஃப் 1.8லயே, அதாவது லென்ஸ் வாய முழுசா திறந்து வச்சே, வாழ ஆரம்பிச்சிடுறாங்க. பேக்ரவுண்ட் கரையுது, அழகாத்தான் இருக்கு, ஆனா சாதாரண கிராப் சென்சார், அதாவது கொஞ்சம் சின்ன சென்சார், உள்ள கேமரால 2 மீட்டர் தூரத்துல இருக்கற ஆள எஃப் 1.8ல எடுத்தா ஷார்ப்பா விழறது மொத்தமே சுமார் 11 சென்டிமீட்டர், அதாவது அரை ஜாண். முன்னாடி கண்ணு ஷார்ப்பா இருக்கும், காது ஏற்கனவே மங்க ஆரம்பிச்சிருக்கும். ரெண்டு வரிசை குடும்பப் படத்துக்கு அது எப்படி பத்தும்? லென்ஸ் வாய சுருக்கி எஃப் 5.6, எஃப் 8னு போங்க. பின்னாடி கட் பண்ணி வேற இடத்துல ஒட்டப் போற படம்னா இன்னும் கட்டாயம், மங்கிப்போன தோள்பட்டைய கட் பண்ணவே முடியாது.

இப்ப மீட்டரிங், அதாவது கேமரா வெளிச்சத்த அளக்குற விதம், இத நான் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இதுல நம்ம தோல் நிறமும் சேர்ந்திருக்கு. கேமராவுக்கு எதிர்ல இருக்கறது கருப்பா வெள்ளையான்னு தெரியாது, பாக்குற எல்லாத்தையும் ஒரு நடுத்தர சாம்பலுக்குக் கொண்டு வரப் பாக்கும், அதுதான் 18 சதவீத சாம்பல்னு சொல்றது. அதனால வெள்ளை வேட்டி சட்டை நெறைஞ்ச படம் அழுக்கா வரும், அங்க எக்ஸ்போஷர, அதாவது படத்துக்கு விடுற வெளிச்சத்த, கூட்டணும். கருங்கல் சிலை வெளுத்து சாம்பலா வரும், அங்க குறைக்கணும். நல்ல கருப்பான ஒருத்தர குளோசப்ல எடுத்தாலும் இதே கததான், கேமரா அவர வெளுக்க வச்சிடும், பல போன்கள்ல அதுக்கு மேல பியூட்டி மோட் வேற சேர்ந்துக்கும். அப்புறம் ஆல்பம் டிசைனிங்ல இன்னும் ரெண்டு சுத்து வெளுப்பாங்க, கடைசில பொண்ணோட கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறம். எனக்கு இது உண்மையாவே மனசு வலிக்கிற விஷயம், கருப்பு தோல்ல வெளிச்சம் பட்டு மினுங்குற அழக எடுக்கத் தெரியாம அத தப்புன்னு நினைச்சு அழிக்கிறோம். முதல்ல பியூட்டி மோட ஆஃப் பண்ணுங்க, பக்கவாட்டு வெளிச்சத்துல நிறுத்துங்க, நெத்தியும் கன்னமும் மினுங்கட்டும், நிழல் நிழலாவே இருக்கட்டும்.

ரா ஃபைல்ல, அதாவது கேமரா பதிஞ்சத பதப்படுத்தாம அப்படியே வைக்கற ஃபைல்ல, எடுங்கன்னு சொன்னா இடம் அடைக்குதுன்னு சொல்வாங்க. ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படிதான், 14 பிட் ராவுல 16,384. நிழல்ல கிடக்கற முகத்த தூக்கிப் பாத்தா வித்தியாசம் தெரியும். ஆனா ராவா இருந்தாலும் மொத்தமா வெளுத்துப் போன இடம் திரும்ப வராது, பட்டு சேலை ஜரிகையும் வெள்ளைச் சட்டையும் அடிக்கடி அப்படிப் போகும், வெளிச்சத்த வரைபடமா காட்டுற ஹிஸ்டோகிராம் வலது ஓரத்துல முட்டி நிக்குதான்னு ஒரு தடவ பாத்துக்குங்க.

சரி, சேர்க்குற வேலைக்கு வருவோம். இங்க பெரிய தப்பு, நெட்ல ஒரு அழகான பேக்ரவுண்ட எடுத்துட்டு அப்புறமா அதுக்கு ஆள் தேடுறது. இந்தக் கலை போட்டோஷாப்போட பொறக்கல, போட்டோஷாப் வந்தது 1990ல, அதுக்கு 130 வருஷம் முன்னாடியே, 1857ல ரெய்லாண்டர்னு ஒருத்தர் இங்கிலாந்துல முப்பதுக்கும் மேல நெகடிவ சேர்த்து ஒரே படமா பிரிண்ட் போட்டாரு. அதே காலத்துல இதே வேலைய செஞ்ச ஹென்றி பீச் ராபின்சன் முதல்ல பென்சில்ல படத்த வரைஞ்சு வச்சிக்கிட்டு அப்புறம்தான் ஒவ்வொரு ஆளையா எடுத்தாரு. நீங்களும் ஒரு பேப்பர்ல கிறுக்குங்க போதும், சூரியன் எந்தப் பக்கம், கேமரா எவ்ளோ உயரம், ஆள் எவ்ளோ தூரம், இந்த மூணையும் குறிச்சிட்டுப் போய் எடுங்க.

கேமரா உயரத்த யாருமே கண்டுக்கறதில்ல. கடற்கரைல நின்னு உங்க கண்ணு உயரத்துல கேமராவ வச்சு ஒரு படம் எடுங்க, கடல் கோடு உங்க உயரம் உள்ள எல்லாரோட கண்ணு வழியாவும் ஏறக்குறைய போகும், பத்தடில நிக்கறவரா இருந்தாலும் நூறடி தள்ளி நிக்கறவரா இருந்தாலும். இதான் சூத்திரம். அந்தப் படத்துல நீங்க ஒட்டுற ஆளோட இடுப்புல கடல் கோடு போச்சுன்னா அவர் பூதம் மாதிரி தெரிவார், தலைக்கு மேல போச்சுன்னா பொம்மை மாதிரி தெரிவார். சைஸ கண்ணால குத்துமதிப்பா மாத்திக்கிட்டே இருக்காம இந்தக் கோட்ட வச்சு சரி பண்ணுங்க. ஆள உக்காந்துக்கிட்டு எடுத்திருந்தீங்கன்னா பேக்ரவுண்டையும் உக்காந்துதான் எடுக்கணும்.

நிழலும் அப்படித்தான், போட்டோஷாப் தானா போடுற டிராப் ஷேடோவ போட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. நிஜத்துல பாதம் தரைய தொடுற இடத்துல நிழல் நல்ல இருட்டா கோடு மாதிரி இருக்கும், தள்ளிப் போகப் போக ஓரம் மங்கும், வெளிறும். வெளில வானத்தோட வெளிச்சம் நிழலுக்குள்ள விழறதால அது லேசா நீலம் கலந்திருக்கும், சுத்தக் கருப்பா இருக்காது. அந்தத் தொடுற கோட்ட போடாம விட்டா ஆள் அந்தரத்துல மிதப்பார். அதே மாதிரி தூரத்துல இருக்கற மலை, மரத்துல எல்லாம் கருப்பு முழுக் கருப்பா இருக்காது, காத்துல இருக்கற புகையும் ஈரமும் அத வெளுக்கும், அங்க ஒட்டுற ஆளோட கருப்பையும் வெளிச்சத்த ஏத்தி இறக்குற கர்வ்ஸ்ல கொஞ்சம் தூக்கி விடணும். நாய்ஸும் ஒண்ணா இருக்கணும், ஆள் ஐஎஸ்ஓ 100ல வழவழன்னும் பேக்ரவுண்ட் 3200ல சொரசொரன்னும் இருந்தா ஒட்டுனது உடனே தெரியும், கடைசில வழவழன்னு இருக்கற லேயர்ல, அதாவது படத்தோட அந்த அடுக்குல, மத்ததுக்கு சமமா வர்ற அளவுக்கு நாய்ஸ் தூவிடுங்க. சரியா வந்திருக்கான்னு பாக்க மேல ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் போடுங்க, கலர் போனதும் வெளிச்சத்துல இருக்கற பொய் தனியா துருத்திக்கிட்டு நிக்கும். இரேசர் மட்டும் வேண்டாம், எப்பவும் லேயர் மாஸ்க்தான், அழிச்ச முடி திரும்ப வராது, மறைச்ச முடி வரும். போட்டோஷாப் மாதிரியே வேலை செய்யற ஜிம்ப், போட்டோபியா ரெண்டுமே இலவசம், ரெண்டுலயும் மாஸ்க் இருக்கு.

பழைய படத்த சேர்க்கறவங்களுக்குத் தனியா ரெண்டு விஷயம் சொல்லணும். கண்ணாடி பிரேமோட சேர்த்து போன்ல போட்டோ எடுத்து அத வாட்ஸப்ல அனுப்பாதீங்க, பிரேம்ல இருந்து பதமா வெளிய எடுத்து 600 டிபிஐல, அதாவது இஞ்சுக்கு 600 புள்ளில, ஸ்கேன் பண்ணுங்க, கண்ணாடில ஒட்டிக்கிட்டு வரலேன்னா பிச்சு எடுக்காம அப்படியே விட்டு, கண்ணாடிக்கு நேரா இல்லாம ஓரத்துல இருந்து வெளிச்சம் வர்ற மாதிரி வச்சு எடுங்க. அனுப்பணும்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க.

ரெண்டாவது ஏஐ. மங்கின முகத்த ஏஐல போட்டா பளிச்சுன்னு கண்ணு, பல்லு, தோலோட துவாரம் வரைக்கும் வருது, பாத்ததும் ஆச்சரியமாத்தான் இருக்கும். ஆனா அந்தப் படத்துல இல்லாத விவரத்த அது எங்கிருந்து கொண்டு வரும்? வேற லட்சம் முகத்துல இருந்து ஊகிச்சுப் போடுது. போன வருஷம் ஒரு பையன் அவங்க அம்மாவோட ஒரே ஒரு பழைய படத்த அப்படி பண்ணிக் கொண்டு வந்தான், அவங்க அக்கா அத பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, இது யாரோ மாதிரி இருக்குடான்னு சொன்னாங்க. அம்மாவுக்கு இடது புருவத்துல இருந்த தழும்ப அது சுத்தமா துடைச்சிட்டிருந்துச்சு. மறுபடி ஒரிஜினல ஸ்கேன் பண்ணி கீறல மட்டும் கையால ஒவ்வொண்ணா எடுத்தோம், மூணு நாள் ஆச்சு, முகம் மங்கலாவே இருந்துச்சு, தழும்பு இருந்துச்சு, அததான் பிரேம் போட்டாங்க.

பிரிண்டுக்குக் கொடுக்கறப்போ 12க்கு 18 இஞ்சுன்னா 3600க்கு 5400 பிக்சல் இருக்கான்னு பாருங்க, லேயரோட இருக்கற பிஎஸ்டி ஃபைலையும் கை வைக்காத ஸ்கேனையும் தனித்தனியா ரெண்டு இடத்துல சேமிச்சு வைங்க. பிரேமுக்குப் பின்னாடி அட்டைல பென்சில்ல எழுதிடுங்க, தாத்தா படம் எந்தக் கல்யாணத்துல எடுத்தது, பாட்டி படம் எப்போ எடுத்தது, ரெண்டையும் சேர்த்தது எந்த வருஷம்னு. பெரியம்மா வீட்டுப் படத்த கழட்டிப் பாத்தப்போ பின்னாடி ஒண்ணுமே இல்ல, அந்தக் கல்யாணம் யாரோடதுன்னு இப்ப கேக்கறதுக்கும் யாரும் இல்ல.