பழைய கார் ஏர்கான் கசிவு: வாக்கும் நின்றால் போதுமா?

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் எங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி போன வாரம் வந்து கேட்டார்: "அண்ணே, வாக்கும் அரை மணி நேரம் அசையாம நின்னுச்சு, வெளிய எங்கயும் லீக் தெரியல, ஆனா கேஸ் மூணு வாரத்துல போயிடுது. அப்ப கூலிங் காயில்தானே?" வாக்கும் என்றால் பம்ப் வைத்து ஏர்கான் குழாய்களில் உள்ள காற்றை உறிஞ்சி எடுப்பது, கேஜ் முள் அசையாமல் நின்றால் கசிவில்லை என்று நினைப்போம். கூலிங் காயில் டாஷ்போர்டுக்குப் பின்னால், காற்றைக் குளிரவைக்கும் பகுதி. எனக்குச் சுருக்கென்றது. 15 வருடத்துக்கு முன் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

இணைப்பை இறுக்காமல் விடுவது, மூடியைத் தொலைப்பது போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குக் காசு செலவு வைத்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

வாக்குமை நம்பி டாஷ்போர்டைக் கழற்றுவது

ஈசூனில் இருந்து ஓர் அங்கிள் வந்தார். காருக்குப் பன்னிரண்டு வயது, சிஓஇ-யை (வண்டி வைத்திருக்கும் உரிமத்தை) இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தார், அதனால் செலவு செய்யத் தயங்கவில்லை. வாக்கும் போட்டேன், முள் அப்படியே நின்றது. கண்ணுக்குத் தெரிந்த இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருப்பது கூலிங் காயில்தான், எனவே அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தக் காயிலும் அதே வாக்குமுக்குள்தானே இருந்தது, அது ஓட்டையாக இருந்தால் முள் எப்படி நிற்கும் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் முழுக்க டாஷ்போர்டு. நான்கு கிளிப் உடைந்தது. புதுக் காயில், கூலி எல்லாம் சேர்த்து 700 வெள்ளி. சரியாக மூன்று வாரம் கழித்து அங்கிளிடமிருந்து போன்: "தம்பி, பிஐஇ விரைவுச்சாலைல ஜாம்ல நிக்கிறேன், காத்து சூடா வருது."

விஷயம் இதுதான். எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் வாக்கும் தரும் அழுத்த வித்தியாசம் ஒரு வளிமண்டலம்தான், சுமார் 14.7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), அதுவும் வெளியிலிருந்து உள்ளே. கார் ஓடும்போது அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது, நம் ஊர் வெயிலில் ஹை சைடு (கம்ப்ரஸர் அழுத்தி வெளியே தள்ளும் பக்கம்) 200, 250 வரை போகும். உள்ளே இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும் ரப்பர், வெளியே தள்ளும்போது வாயைத் திறக்கும். வாக்கும் போடுவது முக்கியமாக ஈரத்தை வெளியேற்ற. முள் விழுந்தால் பெரும்பாலும் ஓட்டை இருக்கிறது என்று நம்பலாம், நின்றால் எதுவும் நிரூபணமாகவில்லை.

கடைசியில் குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி ஏற்றித்தான் பிடித்தேன். ரெகுலேட்டர் வைத்து 150 பிஎஸ்ஐ, அதைத் தாண்டவில்லை. கம்ப்ரஸரில் இருந்து கண்டன்சருக்குப் போகும் ஹோஸில், ரப்பரையும் அலுமினியத்தையும் நசுக்கிச் சேர்க்கிற கிரிம்ப் ஓரத்தில், பத்து நிமிடம் கழித்து ஊசிமுனை அளவு நுரை கட்டியது. அந்த இடத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக இருந்ததை முதல் நாளே பார்த்திருந்தேன், பழைய வண்டி அழுக்கு என்று துடைத்துவிட்டேன்! ஹோஸ் கடையில் புதிதாகக் கிரிம்ப் அடிக்க 80 வெள்ளி. அங்கிளின் 700-ஐத் திருப்பிக் கொடுத்தேன். வண்டியை ஸ்கிராப் செய்யும் வரைக்கும் அந்த டாஷ்போர்டு கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு சர்வீசுக்கும் அவர் அதை எனக்கு ஓட்டிக் காட்டினார்.

நைட்ரஜன் போட்டால் அரை மணியில் எடுத்துவிடாதீர்கள், மெதுவான கசிவுக்கு ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் நிழலில் ஏற்றி மதிய வெயிலில் கேஜைப் பார்த்தாலும் ஏமாறுவீர்கள். சூடு 10 டிகிரி ஏறினாலே 5 பிஎஸ்ஐ ஏறும், கசிந்து குறைந்ததை அது மறைத்துவிடும். பட்டறைக் காற்றை ஏற்றாதீர்கள், ஈரம் உள்ளே போகும். ஆக்ஸிஜன் பக்கம் கையே வைக்கக் கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

சரி, உண்மையிலேயே காயில் மேல் சந்தேகம் என்றால்? கேஸ் இருக்கும்போதே எஞ்சினை நிறுத்தி, தண்ணீர் வடிந்ததும் பதினைந்து நிமிடம் காத்திருந்து, வடிகால் குழாய் வாயில் டிடெக்டரை வையுங்கள். ஏர்கான் கேஸான ஆர்134ஏ காற்றை விட மூன்று மடங்குக்கு மேல் கனம், கீழேதான் இறங்கும். டாஷ்போர்டைத் தொடுவதற்கு முன் இதற்கு ஆகும் செலவு ஒரு கோப்பி நேரம்.

நிற்கும் வண்டியில் கேஜைப் பார்த்து "கேஸ் ஃபுல்" என்பது

எஞ்சின் ஓடாதபோது 30 டிகிரியில் ஆர்134ஏ கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் அதேதான், திரவமாகக் கொஞ்சம் மிச்சம் இருக்கும் வரை அதேதான். எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வெளியே எடுத்து எடை போடுங்கள், பானட் அடியில் உள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள்.

பழைய டையைக் கழுவாமல் புது டை

டை என்பது கசிவு இடத்தை யூவி விளக்கில் மின்னவைக்கும் சாயம். முன்பு யாரோ போட்ட டை எங்கும் மின்னும். முதலில் துடையுங்கள். கூலிங் காயிலில் மட்டும் டை ஏமாற்றும், தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். அப்போது யூவி விளக்கை வடிகால் தண்ணீர் மேல் அடித்துப் பாருங்கள்.

கசிவடைக்கும் மருந்து

வேண்டாம். கேஸ் கூலிங் காயிலுக்குள் போகும் சின்ன வாயான எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைக்கக்கூடும்.

ஓ-ரிங்

இணைப்புகளில் போடும் ரப்பர் வளையம் இது. பச்சை எச்என்பிஆர் ரப்பரில் வாங்குங்கள், ஏர்கான் எண்ணெயில் நனைத்துப் போடுங்கள். தண்ணீர்க் குழாய் ரிங் கூடாது.

டிரையரை மாற்றாமல் மூடுவது

டிரையர் என்பது குழாய்க்குள் புகும் ஈரத்தை உறிஞ்சும் பகுதி. காற்றில் ஈரம் 80%-ஐத் தாண்டும் ஊர் இது. குழாயைத் திறந்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்ததும் டிரையரையும் மாற்றட்டும்.

அப்புறம் அந்தத் தம்பியின் வண்டி. நைட்ரஜன் போட்டுப் பார்த்தோம், கேஸ் ஏற்றும் சர்வீஸ் வால்வின் ஊசியில்தான் கசிவு. இரண்டு வெள்ளி.