ஓப்பல் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: நெல்லைப் பக்கத்துக் கல் ஆர்வலர்களுக்கு

நம்பியாற்று மணலில் பால் வெள்ளையாக ஒரு கல் கிடைக்கிறது. வெயிலில் திருப்பினால் உள்ளே லேசாக ஒளி ஓடுகிறது. கண் பார்த்ததுமே மனசு "ஓப்பல்தான்" என்று முடிவு கட்டிவிடும். அடுத்து வரும் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

ஓப்பல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் கல். எடையில் பொதுவாக 3 முதல் 10 சதவீதம் நீர்தான். சிலிக்கா கரைந்த நீர் பாறை இடுக்கில் ஊறி, கூழாகி, மெல்ல இறுகும்போது அது விளைகிறது. ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் 1915-இல் கண்டெடுக்கப்பட்ட ஓப்பல் படிவுப் பாறைகளில் இருந்தது. எத்தியோப்பியாவின் வெலோவில் 2008 முதல் வெட்டியெடுக்கப்படுவது எரிமலைச் சாம்பல் இறுகிய அடுக்குகளில் இருக்கிறது. நம் சீமையின் அடிப்பாறை வேறு வகை. சார்னோக்கைட் பாறையும், கார்னெட் என்ற சிவப்புக் கனிமம் கலந்த நைஸ் பாறையும் பூமிக்கடியில் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து உருமாறியவை. அந்தச் சூளையில் நீர் பிடித்த கல் நிலைக்காது. ஆகவே நிறம் விளையாடும் ஓப்பலை நினைத்துக்கொண்டு ஓடை ஓடையாக அலைய வேண்டாம். வெங்கச்சான் கல் (குவார்ட்ஸ்), ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், கார்னெட், தாழையூத்துப் பக்கத்துப் படிகச் சுண்ணாம்புக்கல் என்று இங்கே இருப்பவற்றைத் தேடினால் பை நிறையும். அவையும் சேகரிக்கத் தகுந்த கற்களே.

சந்தேகம் தீர அடர்த்தியை அளந்து பாருங்கள். கல்லை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள், 13.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசில் தண்ணீர் உள்ள டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு 5.0 காட்டினால், 13.2-ஐ 5.0-ஆல் வகுக்க 2.64 வரும். அது குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சான் கல். ஓப்பல் என்றால் விடை 1.98 முதல் 2.25 வரைக்குள் நிற்க வேண்டும். அதே எடையுள்ள ஓப்பலுக்குத் தராசு சுமார் 6.3 காட்டும்.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. கல் டம்ளரின் அடியைத் தொட்டால் தராசு கூடுதலாகக் காட்டும். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் கூடுதலாகவே காட்டும். கூடுதலான எண்ணால் வகுத்தால் விடை குறையும். அதாவது இந்த இரண்டு கைப்பிசகுமே சாதாரணக் கல்லை ஓப்பல் பக்கம் தள்ளும்! தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் குமிழி ஒட்டாது. 5 கிராமுக்குக் குறைந்த கல்லுக்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும்; சமையலறைத் தராசை நம்பக் கூடாது.

கத்தியால் கீறிப் பார்ப்பது பயனில்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் கத்தி ஏறக்குறைய 5.5, ஓப்பல் 5.5 முதல் 6.5 வரை, ஃபெல்ட்ஸ்பார் 6. எதையும் பிரித்துச் சொல்லாது. வெங்கச்சான் கல்லின் கூர்விளிம்பால் கல்லின் அடிப்பக்கம் ஒரு கீறல் போடுங்கள். ஓப்பலில் கோடு விழும், குவார்ட்ஸில் விழாது. சுண்ணாம்புக்கல் என்று ஐயம் வந்தால் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு போதும், நுரைக்கும்.

ஒளியைப் பார்ப்பதிலும் ஏமாறுவதுண்டு. விரிசல் விட்ட குவார்ட்ஸில் தெரியும் வானவில் அந்த விரிசலின் தளத்தோடு ஒட்டிக் கிடக்கும். சந்திரகாந்தக் கல்லில் நீலம் கலந்த வெண்மை ஒரே திரையாக நகரும். ஓப்பலில் மட்டும் சிவப்பு, பச்சை, நீலம் எனத் திட்டுத் திட்டாக நிறங்கள் தோன்றி, திருப்பத் திருப்ப இடம் மாறும். நனைந்த கல் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். துடைத்துக் காயவைத்த பிறகு தீர்மானியுங்கள்.

எங்கே எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஒரு கூழாங்கல்லும் எடுக்க வேண்டாம். கடற்கரைக் கார்னெட் மணலையும் அள்ளக் கூடாது; தாதுமணல் எடுக்கத் தமிழக அரசு 2013-இலேயே தடை போட்டது. ஆதிச்சநல்லூர் போன்ற தொல்லியல் மேடுகளில் கல்மணி ஒன்று கண்ணில் பட்டாலும் அது சேகரிப்புக்குரிய கல் அல்ல, வரலாறு. தொடாமல் அதிகாரிகளிடம் சொல்லுங்கள். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆற்றில் அணைத் தண்ணீர் திறக்கும் நேரத்தில் இறங்கவே கூடாது. கல்லைப் புரட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கிக் கல்லை உங்கள் பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். அடியில் விரியன் இருந்தால் கல் நடுவில் மறைப்பாக நிற்கும்.

இங்கே கிடைக்காததால் பலரும் ஓப்பலைத் தீட்டாத கரடாகவே வாங்குகிறார்கள். தண்ணீருக்குள் வைத்து எடுத்த படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். உலர்ந்த படம், உலர்ந்த எடை இரண்டையும் கேளுங்கள். வெலோ ஓப்பல் பலவும் தண்ணீரை உறிஞ்சும், எடையும் கூடும். 'ஓப்பலைட்' என்று விற்பது வெறும் கண்ணாடி. பட்டை தீட்டிய கல்லைப் பக்கவாட்டில் பாருங்கள்; நேர்கோடாக ஒட்டு தெரிந்தால் அது மெல்லிய ஓப்பல் சீவலைக் கறுப்பு அடிக்கல்லில் ஒட்டியது.

வாங்கிய பின்பு செய்யும் தவறுதான் அதிகம் வலிக்கும். சுக்கிரனுக்கான மோதிரம் என்று பாலிலும் மஞ்சள் நீரிலும் ஊறப்போட்டால் வெலோ கல் அந்த மஞ்சளையும் சேர்த்துக் குடித்துவிடும்; பிறகு தேய்த்தாலும் போகாது. எண்ணெயும் அப்படியே. தண்ணீர் பட்டு நிறம் மறைந்து கண்ணாடியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், நிழலில் சில நாள் விட்டால் நிறம் திரும்பும். அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடித்தாலோ கத்திரி வெயிலில் வைத்தாலோ வலைபோல விரிசல் ஓடும். மூடிய காருக்குள்ளும் விட வேண்டாம். ஈரம் வாங்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஓப்பல் டப்பாவில் போடுவதும் வேண்டாம்; கல்லிலிருந்து நீர் போகக் கூடாது என்பதற்குத்தானே இத்தனை பாடும்!

வீட்டில் தீட்டுகிறவர்கள் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. சூட்டில் கல் வெடிக்கும். சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிடும். சக்கரத்தில் தண்ணீர் இடைவிடாமல் சொட்டட்டும், மூக்கில் என்95 முகக்கவசம் இருக்கட்டும். தீட்டும்போது பிடித்துக்கொள்ளும் குச்சியில் கல்லை ஒட்டச் சூடான அரக்கு வேண்டாம், சூடு தேவைப்படாத பசையே போதும்.