ஸாத் என்றால் சதமா? மான்சி படிக்கத் தொடங்குவோர் செய்யும் தவறுகள்

மேற்குச் சைபீரியாவில் பேசப்படும் மான்சி மொழி படிக்கக் கிளம்பிய நண்பர்கள் சிலரோடு ஆறு மாதமாக வாராவாரம் உட்காருகிறேன். பத்து வருடத்துக்கு முன் நான் விழுந்த குழிகளில் வரிசை மாறாமல் விழுகிறார்கள். உச்சரிப்புத் தடுமாற்றம், எழுத்துக் குழப்பம் எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

வோகுல் என்று எழுதுவது

வெளியார் வைத்த பழைய பெயர். மான்சி என்றே எழுதுங்கள்.

ஊர்ப் பெயரை நம்புவது

மேற்குச் சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பக்கம் ஹந்தி-மான்சி தன்னாட்சி வட்டாரம் இருக்கிறது. பெயரில் மான்சிகள் உண்டு. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2010 கணக்கெடுப்பில் ரஷ்யா முழுவதும் சுமார் 12,000 மான்சிகள்தான். மொழி தெரியும் என்றவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு.

ஒலி ஒத்தால் உறவு என்று துள்ளுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. மான்சியில் நூறு என்பதற்கு 'ஸாத்'. பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சதம்! ஒரு சிற்றிதழுக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன், அச்சாகியும் விட்டது. 1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகளைச் 'சித்திய' மொழிகளோடு (ஃபின்னியம், துருக்கியம் போன்றவற்றுக்கு அவர் தந்த பொதுப்பெயர்) சேர்த்துப் பேசியதையும் துணைக்கு இழுத்திருந்தேன். அவர் கருத்து பின்னாளில் நிலைபெறவில்லை என்பதைப் பார்க்கவே இல்லை.

சதம் நமக்கு வடமொழி வழியாக வந்தது. நம் சொல் நூறு. மான்சியின் ஸாத்தோ, வடமொழிக்கும் உறவான பழைய இந்தோ-ஈரானியரின் பேச்சிலிருந்து ஊரல் மொழிகள் (மான்சியும் ஹங்கேரியமும் இந்தக் குடும்பம்தான்) கடன் வாங்கிய சொல். இரண்டு பேர் ஒரே கடையில் வாங்கிய சட்டையைக் காட்டி அண்ணன் தம்பி என்று நிரூபித்திருக்கிறேன்! அடுத்த இதழில் திருத்தம் போட்டார்கள். கையில் இருந்த மொழிபெயர்ப்பு வேலையும் போயிற்று.

உறவை எப்படிப் பார்ப்பது? ஹங்கேரிய மொழியோடு வைத்துப் பாருங்கள். கைக்கு மான்சியில் காத், அங்கே கேஸ். தண்ணீருக்கு வித், வீஸ். மான்சியில் கடைசியில் த் வந்தால் ஹங்கேரியத்தில் ஸ் வருகிறது. ஒலி ஒத்துப்போவதைவிட, வேறுபாடு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதுதான் சாட்சி. அப்புறம், அந்த நூறும் அங்கே ஸாஸ். கடன் சொல்தான், ஆனால் இந்த மாற்றம் நடப்பதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டதால் அதுவும் வரிசையில் நிற்கிறது. அதனால் ஒழுங்கு தெரிந்தபிறகும் கடனா என்று தனியாக விசாரிக்க வேண்டும்.

வீட்டுக்கு மான்சியில் 'கொல்'. இதை வைத்து யாரும் கோட்பாடு கிளப்பவில்லை என்பது ஆறுதல்.

இருமையை மறப்பது

நமக்கு ஒருமை, பன்மை போதும். அவர்களுக்கு இரண்டுக்கென்று தனி வடிவம் உண்டு: கொல் ஒரு வீடு, கொலிக் இரண்டு வீடுகள், அதற்கு மேல் கொலித். 'நாம் இருவர்' என்பதற்கும் தனிச் சொல். இதைக் கவனிக்காமல் மொழிபெயர்த்தால் கணவனும் மனைவியும் போன இடத்தில் ஊரே போனதுபோல் ஆகும்.

வட்டார வழக்குகளைக் கலப்பது

ஹங்கேரிய மொழியியலாளர் முங்காச்சி 1888-89-இல் சேகரித்த மான்சிப் பாடல்களில் இன்று பேச ஆளில்லாத வழக்குகளும் இருக்கின்றன. இன்று அச்சில் வருவது வடக்கு வழக்கு, அதிலும் சொஸ்வா ஆற்றுப் பக்கத்துப் பேச்சு. ஒரே அகராதியில் இரண்டையும் கொட்டாதீர்கள்.

எண்களை அவசரமாகப் படிப்பது

ஏழுக்கும் 'ஸாத்' என்றே சொல்கிறார்கள். நூறைப் பிரித்துக் காட்ட 'யனிக் ஸாத்', அதாவது பெரிய ஸாத் என்பார்கள். போன வாரம் ஒரு தம்பி அதைப் 'பெரிய ஏழு' என்று எழுதிக்கொண்டு வந்தார். திருத்திக் கொடுத்தேன். என் பழைய நோட்டிலும் அதே 'பெரிய ஏழு' இருப்பதை மட்டும் சொல்லவில்லை.