சுலபமான வேலைதானே என்று இறங்கிவிடாதீர்கள்: வீட்டு மராமத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீடு கடலூர் ஓ.டி.யில் (ஓல்ட் டவுன்), உப்புக்காற்று நேராக வந்து மோதுகிற இடத்தில் இருக்கிறது. அப்பா 1986-ல் கட்டினது. இரண்டு வருடம் முன்னால் ஒரு மாசி மாதத்து மத்தியானம், படுக்கையறை சீலிங்கிலிருந்து சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. நல்லவேளை, யாரும் படுத்திருக்கவில்லை. மேலே பார்த்தால் இரண்டு கம்பி தெரிந்தது, செம்பழுப்பாக, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்துகொண்டு. எனக்குச் சுத்தியல், உளி, கரணை எல்லாம் பிடிக்கத் தெரியும். தளர்ந்ததைத் தட்டி எடுத்துவிட்டு, கம்பியை பிரஷ் போட்டுத் தேய்த்து, கலவை பூசிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்தது என்று மனக்கணக்குப் போட்டு ஸ்டூலையும் எடுத்துப் போட்டுவிட்டேன். "என்னங்க, விழுந்தது வெறும் பூச்சா, இல்ல தளமேவா?" என்று மனைவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

நம்மில் பெரும்பாலானோர் செய்கிற முதல் தவறு இதுதான். "இந்த வேலை எனக்கு வருமா?" என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். பிசகினால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. இரண்டும் வேறு வேறு கேள்வி. பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டுவது கஷ்டமான வேலை, முதல் தடவை யாருக்கும் மட்டம் வராது, ஆனால் பிசகினால் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம், நஷ்டம் பணத்தோடு போய்விடும். சீலிங் ஃபேன் மாற்றுவது பத்து நிமிட வேலை. அது பிசகினால் உயிர். அதனால் எந்த வேலையைத் தொடுவதற்கு முன்னாலும் மூன்று விஷயம் பாருங்கள்: தப்பு நடந்தால் திருத்த முடியுமா, தப்பு நடந்தது உடனே கண்ணுக்குத் தெரியுமா, அடிபடப்போவது நானா இல்லை கீழே தூங்குகிற குழந்தையா. இந்த மூன்றில் ஒன்றுக்குத் தயக்கம் வந்தாலும் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

சீலிங் விஷயத்துக்கே வருகிறேன், ஏனென்றால் கடலூர், தேவனாம்பட்டினம், புதுச்சேரி, வீராம்பட்டினம் என்று கடலோரம் முழுக்க வீட்டுக்கு வீடு இதுதான் தொல்லை. உப்பு ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் துருப்பிடிக்கத் தொடங்கும். துரு, இரும்பு இருந்ததைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டை வெடிக்கவைத்துத் தள்ளும். நாம் பார்க்கிற விரிசலும் பெயர்ந்த சில்லும் அந்தத் தள்ளலின் கடைசிக் கட்டம். அதன்மேல் கலவையைப் பூசி மூடினால் துரு நிற்காது, மறைவாக நடக்கும், அவ்வளவுதான். இரண்டு மழைக்காலம் கழித்து இன்னும் பெரிய சில்லாக விழும். இன்னொரு ஆபத்தும் உண்டு. தட்டத் தட்ட, தளர்ந்தது எங்கே முடிகிறது, நல்ல கான்கிரீட் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் உடைத்துக்கொண்டே போவோம், கீழே முட்டு கொடுத்திருக்க மாட்டோம், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற முகத்தின் மேலேயே விழும்.

நீங்களாகச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒரு மூங்கில் கழியை எடுத்து, கொஞ்சம் தள்ளி நின்று சீலிங்கை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருக்கிற இடம் 'ணங்' என்று சொல்லும், விட்டுப்போன இடம் 'தொப்பு தொப்பு' என்று பானை மாதிரிச் சத்தம் போடும். சத்தம் மாறுகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், கட்டிலை அங்கிருந்து நகர்த்துங்கள், சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மேஸ்திரியை அல்ல, இன்ஜினியரை. மேஸ்திரிக்குப் பூசத் தெரியும், ஆனால் அந்தக் கம்பியில் இன்னும் எவ்வளவு பலம் மிச்சம் என்று சொல்வது அவர் வேலை இல்லை, அதை அவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அங்கே பல வீடுகளில் மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ்: மர உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அதன்மேல் சாய்த்து அடுக்கிய சின்னச் செங்கல், சுண்ணாம்புக் கலவை. கம்பியே கிடையாது. மொத்த பாரத்தையும் சுவர்தான் தாங்குகிறது. அதனால் "ஹாலையும் ரூமையும் ஒன்றாக்கலாம்" என்று நடுச்சுவரில் கைவைப்பது, உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் காலை அறுக்கிற மாதிரி. சுவருக்குள் செருகியிருக்கிற உத்திரத்தின் நுனி ஈரத்தில் மக்கியிருந்தாலும் வெளியே தெரியாது, வெளிப்பக்க மரம் பளபளவென்றுதான் இருக்கும். ஒழுகுகிறதே என்று அந்தத் தளத்தின்மேல் புதிதாகக் கான்கிரீட் போடுகிறார்களே, கணக்குப் பாருங்கள்: 100 சதுர அடிக்கு 2 அங்குலம் போட்டால் ஏறக்குறைய 1,100 கிலோ. அதன்மேல் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இன்னொரு டன். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நின்றிருந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றம்) 1870 வாக்கில் கட்டியது, 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது, பிறகு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். அரசுக் கட்டடத்துக்கே அந்த நிலைமை வரும் என்றால் நம் வீட்டுச் சுவர் எம்மாத்திரம்? அப்புறம், சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச்சு வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவைக்கும், சுவர் உள்ளுக்குள் பொரிந்து போகும்.

அடுத்தது கரன்ட். என் மச்சான் முத்தியால்பேட்டையில் இருக்கிறான், கவனமான ஆள். ஃபேன் மாற்ற மெயினை இறக்கிவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினான். மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. ஃபேன் லைனும் லைட் லைனும் அதில்தானே இருக்கும்! ஷாக் சின்னதுதான், ஆனால் கையை இழுத்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்து மணிக்கட்டு உடைந்தது, ஆறு வாரம் கட்டு. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் 'மெயின் ஆஃப்' என்பதற்கு அர்த்தமே வேறு. அதன் சுவிட்சையும் அணைத்து, அதிலிருந்து வீட்டுக்குப் போகிற லைனையும் துண்டித்தால்தான் ஆஃப். பழைய வயரிங்கில் இன்னொரு பொறி: சுவிட்சை ஃபேஸில் (கரன்ட் வருகிற வயர்) போடாமல் நியூட்ரலில் (கரன்ட் திரும்பிப் போகிற வயர்) போட்டிருப்பார்கள், சுவிட்சை அணைத்தால் ஃபேன் நிற்கும், ஆனால் ஃபேன் வரைக்கும் 230 வோல்ட் வந்து காத்துக்கொண்டிருக்கும். டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கிற பாயின்டில் வைத்து எரிகிறதா பாருங்கள், பிறகு தொடப்போகிற வயரில், பிறகு மறுபடி முதல் பாயின்டில். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் அப்போதுதான் தெரியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) வீட்டில் இல்லையென்றால், மற்ற எந்த மராமத்துக்கும் முன்னால் லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து அதைப் போடுங்கள். அது மெயினில் மட்டும் இருந்தால் இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் பல வீடுகளில் காப்பாற்றாது, அதையும் அவரிடம் கேளுங்கள். வாட்டர் ஹீட்டருக்கு லைன் இழுப்பது, புது ஏ.சி. பாயின்ட் போடுவது, மீட்டர் பாக்ஸைத் திறப்பது இதெல்லாம் நம் வேலையே இல்லை.

வீடியோ பார்த்துவிட்டு இறங்குவதைப் பற்றியும் சொல்லவேண்டும். நிறைய வீடியோக்களில் வருவது அமெரிக்க வீடு, அங்கே உள்சுவர் மரச்சட்டமும் பலகையும், பிளக்கில் வருவது 120 வோல்ட். அதைப் பார்த்து நம் செங்கல் சுவரில் ஏ.சி. பைப்புக்கோ வயருக்கோ மெஷின் வைத்துக் காடி வெட்டுகிறார்கள். நெட்டுக்குத்தாக வெட்டினால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. நாலரை அங்குலச் சுவரில் படுக்கைக் காடி என்றால் முக்கால் அங்குலத்தோடு நிறுத்த வேண்டும், ஒரு பைப் கூட முழுதாக உட்காராது. அந்தத் தூசியில் நுரையீரலைக் கெடுக்கிற சிலிக்கா இருக்கிறது, கைக்குட்டை கட்டினால் நிற்காது, என்-95 மாஸ்க் வேண்டும். பழைய கதவு, ஜன்னலைத் தேய்த்துப் புது பெயின்ட் அடிக்கிறவர்களும் கவனியுங்கள்: பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடித்துப் போட்டபோது எங்கள் தெருவில் ஷீட் பறந்துபோன வீடுகளே அதிகம், மறுநாளே ஆளாளுக்கு மேலே ஏறினார்கள். ஷீட் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து உள்ளே விழுவீர்கள், பாசி படிந்த ஷீட் என்றால் வழுக்கவும் செய்யும். அதை வெட்டுவதும் துளை போடுவதும் தூள் கிளப்பும், அந்தத் தூளில் இருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போனால் நோய் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும்.

செப்டிக் டேங்குக்குள் நீங்களும் இறங்கக்கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கிற 2013 சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கிற வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதற்குள் ஆள் விழுந்திருப்பார். தூக்கப் போனவரும் விழுவார். லாரியைக் கூப்பிடுங்கள்.

கேஸ் லைனை மாற்றி அமைப்பதும் வேண்டாம்.

ஆளை விட்டுச் செய்தால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பதும் தவறுதான். ஆபத்து கைமாறுகிறது, அவ்வளவே. வெள்ளையடிக்க வருகிறவர் சவுக்குக் கட்டைச் சாரத்தில் ரப்பர் செருப்போடு நிற்கிறார், இடுப்பில் கயிறு கிடையாது. பெல்ட்டுக்கும் நல்ல சாரத்துக்கும் ஆகிற செலவை நாமே முன்வந்து கொடுக்கவேண்டும், கூலியில் பேரம் பேசி அதை அவர் வயிற்றில் கழிக்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

நேரமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடித் தட்டோட்டைப் பெயர்க்காதீர்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை கொட்டியது. திறந்து கிடக்கிற தளத்தில் அது இறங்கினால் கீழே இருக்கிற வயரிங் உட்பட எல்லாம் போச்சு. பொங்கல் கழிந்து தொடங்கினால் ஆவணிக்குள் எந்த வேலையும் அவசரமில்லாமல் முடியும்.

நாமே செய்யக் கூடியதும் நிறைய இருக்கிறது: தரையில் நின்று கை எட்டுகிற உயரத்துக்கு பெயின்ட், குழாய் வாஷர், ஃபிளஷ் டேங்க் மிதவை, கதவுக் கீல், கொசுவலை, பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு அடைப்பது. இதிலெல்லாம் தாராளமாகக் கை பழகுங்கள், பிள்ளைகளையும் பழக்குங்கள்.

எங்கள் சீலிங்குக்கு இன்ஜினியர் வந்தார். கழியால் தட்டித் தட்டி, சத்தம் மாறின இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார், ஐந்து வட்டம் வந்தது. இரும்பு ஜாக்கி முட்டு கொடுத்த பிறகுதான் உளி வைக்கவிட்டார். பெரிய வட்டம், நான் ஸ்டூல் போட்ட இடத்துக்கு நேர் மேலே. அங்கே திறந்தபோது 10 மில்லி கம்பி பென்சில் முனை அளவுக்கு இளைத்திருந்தது, ஒரு கம்பி நடுவில் இல்லவே இல்லை. பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, அதற்கென்று இருக்கிற கலவையை வைத்து முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. சுவருக்கு பெயின்ட் நானும் மகளும் அடித்தோம்.