குழித்தறியில் பழந்துணி விரிப்பு: ஓரம் உள்வாங்காமல் நெய்யும் முறை

பவானிப் பக்கத்தில் ஜமக்காளம் நெய்துகொண்டிருந்த எங்கள் வீட்டுக் குழித்தறியில், பழைய நூல் சேலைகளைக் கிழித்து 24 அங்குல அகல விரிப்பு நெய்யப் பழகினேன். பாவு (நீளவாக்கில் ஓடும் இழைகள்) ஓட்டி, விழுதிலும் (பாவிழைகளை ஏற்றி இறக்கும் கண்ணிகள்) அச்சிலும் (இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) இழை கோத்த தறி உங்களிடம் தயாராக இருக்கிறது என்று கொண்டு எழுதுகிறேன்.

பாவுக்கு முறுக்கேறிய தடித்த பருத்தி நூலே ஏற்றது. அங்குலத்துக்கு 12 இழை வீதம் 288 இழைகள் வரும். இரு ஓரங்களிலும் நான்கு நான்கு இழைகளை இரட்டையாகக் கோத்தால் 296 ஆகும். பாவு நன்றாக இறுகியிருக்க வேண்டும்.

மூன்றடி நீள விரிப்புக்கு ஏறத்தாழ இரண்டு நூல் சேலைகள் தேவைப்படும். செயற்கை இழைச் சேலை வழுக்கும் என்பதால் நான் அதைத் தொடுவதே இல்லை. ஜரிகைக் கரையை வெட்டி நீக்கிவிட்டு, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு, சேலையின் நீளவாக்கில் கையால் கிழியுங்கள். கத்திரியால் வெட்டுவதைவிட இது வேகமானது, கோணாமலும் வரும். நூல் சுற்றிய தார்க்குச்சியைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடாவில் இந்தத் துணிப்பட்டை அடங்காது. ஆகவே இரு முனையிலும் பள்ளம் செதுக்கிய மூங்கில் பட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பாவு நூலையே ஊடையாக்கி (குறுக்கே செல்லும் இழையாக்கி) ஓர் அங்குலம் நெய்துவிட்டுத் துணியைத் தொடங்குங்கள். துணிப்பட்டை தீரும்போது முடிச்சுப் போடாமல், இரு முனைகளையும் சாய்வாக வெட்டி மூன்று அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வையுங்கள். முடிச்சு பாதத்தில் உறுத்தும்.

இனி, என்னை நெடுநாள் தடுமாற வைத்த இடம். 24 அங்குலத்தில் தொடங்கிய என் முதல் விரிப்பு ஓரடி நெய்வதற்குள் 21 அங்குலமாகச் சுருங்கி, ஓர இழைகள் அச்சில் உரசி ஒவ்வொன்றாக அறுந்தன. துணிப்பட்டையை நேராக இழுத்து அடித்ததே காரணம். ஊடை ஒவ்வொரு பாவிழைக்கும் மேலும் கீழுமாக வளைந்து செல்வதால் அகலத்தைவிடக் கூடுதல் நீளம் அதற்கு வேண்டும். நாம் அந்த நீளத்தைக் கொடுக்காவிட்டால், அது இரு ஓரங்களையும் உள்ளே இழுத்து எடுத்துக்கொள்ளும். ஆகவே துணிப்பட்டையைச் செலுத்தியதும், ஓரத் திருப்பத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, நடுப்பகுதி நெய்த விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் மேலே நிற்கும்படி வில்லாக வளைத்து வையுங்கள். பிறகு அச்சுப் பலகையால் ஒரு முறை அடித்து, கால் மிதியை மாற்றி மறுபடியும் அழுத்தி அடியுங்கள். ஆறு அங்குலத்துக்கு ஒரு முறை அளவு நாடாவை வைத்துப் பாருங்கள்.

முடிவிலும் ஓர் அங்குலம் நூலால் நெய்து, ஆறு அங்குலம் விட்டுப் பாவை அறுத்து, நான்கு நான்கு இழைகளாக முடிச்சிடுங்கள்.

பின்சேர்க்கை: நடுப்பகுதி மேடாக உப்புகிறது என்று வாசகர் இருவர் எழுதியிருந்தார்கள். வில்லின் உயரம் மிகுந்தால் அப்படி ஆகும். மூன்று அங்குலமாகக் குறைத்துப் பாருங்கள். சிவப்புச் சாயம் வெள்ளைப் பட்டையில் ஏறியதாக இன்னொருவர் சொன்னார். கிழிப்பதற்கு முன்பே சேலையை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்தச் சேலையை அடர்நிற விரிப்புக்கு ஒதுக்கிவையுங்கள்.