தெருவைவிடத் தாழ்ந்துபோன வீட்டில் மழைத் தண்ணீர் புகுந்தால்

சென்னை மேற்கு மாம்பலத்தில் இருக்கும் எங்கள் வீட்டை மாமனார் 1974-இல் கட்டினார். அப்போதெல்லாம் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே வரவேண்டும். இப்போது ஒரு படி இறங்கி வருகிறோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டதில் தெரு வளர்ந்துவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலர் சுற்றறிக்கையே அனுப்பினார். அதற்குள் எங்கள் படிகள் புதைந்தாகிவிட்டது.

2015 டிசம்பரில் கூடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அன்று நானும் என் கணவரும் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். பின்னால் குளியலறையில் 'குளுக் குளுக்' என்று சத்தம். போய்ப் பார்த்தால் தரையிலிருக்கும் ஜல்லடை மூடி வழியாகக் கரப்பான்கள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தன. பத்து நிமிடத்தில் அவற்றின் பின்னாலேயே கறுப்புத் தண்ணீர். தெருச் சாக்கடை நிரம்பினால் அது தேடும் முதல் வழி நம் வாசல் அல்ல, நம் குளியலறை. கரப்பான் ஏறினால் உங்களுக்கு அவகாசம் கொஞ்சம்தான்.

அதனால் முதலில் ஓட்டைகளை அடையுங்கள். பழைய துணியைப் பிளாஸ்டிக் பையில் திணித்து ஜல்லடை மூடியைக் கழற்றிய குழியில் இறுக்கிவிட்டு, மேலே மணல் மூட்டை. கழிப்பறைக் கோப்பைக்குள்ளும் ஒரு சின்ன மணல் மூட்டை. வாசலுக்கு அப்புறம் போகலாம். இது அவசரத்துக்குத்தான். 2016-இல் வீட்டுக் கழிவுக் குழாய் தெருவுக்குப் போகும் இடத்தில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தோம். தண்ணீர் வெளியே போகும், திரும்பி வராது. வருடா வருடம் ஐப்பசிக்கு முன்னால் அதைத் திறந்து, சிக்கிய தலைமுடியையும் மண்ணையும் எடுக்கவேண்டும், இல்லையென்றால் மூடாது. 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது கூடத்தில் கணுக்கால் அளவோடு நின்றதற்கு இந்த வால்வுதான் காரணம் என்பது என் கட்சி. வாசலில் கட்டிய முக்கால் அடித் தடுப்புச் சுவர் என்பது அவர் கட்சி.

கரண்ட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். தண்ணீர் பிளக் பாயின்டை எட்டும்வரை காத்திருக்காமல் மெயினை அணைத்துவிடுங்கள். அதோடு இன்வெர்ட்டரையும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்: தெருவே இருட்டாக இருக்கும், ஆனால் நம் வீட்டு வயர்களில் பேட்டரி கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். மெயின் பெட்டியே நனைந்திருந்தாலோ, அதைத் தொடத் தண்ணீரில் நிற்கவேண்டி வந்தாலோ கிட்டே போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987-இல் கூப்பிட்டு லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

மழை விட்டதும் எல்லோருக்கும் கை பரபரக்கும். பக்கத்து வீட்டுத் தம்பி 2015-இல் வாடகை பம்ப் கொண்டுவந்து நாள் முழுக்க இறைத்தார். தெருவில் தண்ணீர் நம் தரையைவிட உயரத்தில் நிற்கும்போது இறைப்பது வீண். சுற்றிக்கொண்டு அதே தண்ணீர்தான் வரும். தெரு வடிந்த பிறகு இறையுங்கள். அதற்கப்புறமும் மொசைக் இடுக்கு வழியாக நாலைந்து நாள் ஊறும். நிலத்தடி நீர் மேலே வந்திருப்பதால் அப்படி. அந்த நேரத்தில் சிமென்ட் வைத்துப் பூசினால் இன்னொரு இடுக்கில் கிளம்பும். துடைத்துக்கொண்டே காத்திருப்பதுதான் வழி.

தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பிலும் அதே பொறுமை வேண்டும். சாக்கடை கலந்துவிட்டதே என்று உடனே காலி செய்யத் தோன்றும். சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போது முழுக்கக் காலி செய்தால், வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் பழைய செங்கல் சுவர் வெடிக்கலாம். ஒரு வாரம் கேன் தண்ணீர் வாங்கிச் சமாளியுங்கள். அப்புறம் இறைத்துவிட்டு, மூடியைத் திறந்தே போட்டு நன்றாகக் காற்றாடவிட்டு, மேலே ஒருவர் நிற்க, இன்னொருவர் இறங்கட்டும். மூடிக் கிடந்த சம்ப்பில் விஷவாயு இருக்கும், தனியாக யாரையும் இறக்காதீர்கள்.

சேற்றைத் தேய்த்துக் கழுவியபின் நீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர். நேராகக் கொட்டக்கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றவேண்டும். ஒரு ராத்திரி விட்டு, அத்தனையையும் வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு, மூச்சு அடைக்கும்.

நனைந்த மோட்டாரைக் 'காய்ந்துவிட்டது' என்று போட்டுப் பார்க்கவேண்டாம். நான் போட்டுப் பார்த்தேன், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிட்டது. மோட்டார் கடையில் கொடுத்துக் காயவைத்துச் சோதித்தபின் மாட்டுங்கள். பிரிட்ஜும் அப்படித்தான். பிளைவுட் அலமாரி ஊதிப்போனால் போனதுதான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். காலில் வெட்டு, புண் இருந்து அந்தத் தண்ணீரில் நடந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் வரும் வழி அது.

சுவரில் ஓதம் இடுப்பு உயரத்துக்கு ஏறி நிற்கும். பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துவிடலாம் என்று அவர் 2015-இல் அவசரப்பட்டார். மாசியிலேயே தோல் உரிந்தது. மிக்ஜாமுக்கு அப்புறம் உப்பைச் சுரண்டிவிட்டு, ஜன்னலைத் திறந்தே வைத்துக் கோடை முழுக்கக் காயவிட்டோம். ஆனியில் வெறும் சுண்ணாம்பு அடித்தோம். அது இன்னும் நிற்கிறது.